நம் உறுப்பினர் அவையில் என்ன கேட்டார்?

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் மத்திய அரசு பற்றிய பாடத்தை நடத்தி முடித்த மறுநாள், மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: “நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் போன கூட்டத்தொடரில் அவையில் என்ன செய்தார்?” மக்களவையில் எத்தனை இடங்கள், உறுப்பினராவதற்கு எத்தனை வயது நிரம்ப வேண்டும், பண மசோதாவை எந்த அவையில் கொண்டுவர வேண்டும் என்பதற்கெல்லாம் கை உயர்த்திய பிள்ளைகள் இதற்கு மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் பதில்கள் வரும். நிழற்குடை திறந்தார், கோயில் கும்பாபிஷேகத்துக்கு வந்தார், தெருவில் ஒரு கல்யாணத்துக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்.

இந்தப் பதில்களைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் வரையிலான பணிகளைப் பரிந்துரைக்கலாம். நிழற்குடை அதில்தான் வருகிறது. ஆனால் நாம் ஓட்டுப் போட்டு அவரை டெல்லிக்கு அனுப்பியது சட்டம் இயற்றவும், அரசின் செலவுக்கு ஒப்புதல் தரவோ மறுக்கவோ, அமைச்சர்களைக் கேள்வி கேட்கவும்தான். அந்த வேலைகள் எல்லாம் எழுத்தில் பதிவாகின்றன. அந்தப் பதிவை ஒரு பத்தாம் வகுப்பு மாணவர் தேடி எடுத்துப் படிக்க முடியும். எப்படிப் படிப்பது, எதை நம்புவது, எதைக் கண்டு ஏமாறக் கூடாது என்பதைச் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எந்த ஊர் எந்தத் தொகுதி

முதலில் யாருடைய பதிவைத் தேடுவது என்பதே எங்கள் பகுதியில் ஒரு நல்ல பாடமாகிவிடுகிறது. திருமழிசை, பூந்தமல்லி சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. அது திருவள்ளூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. ஆவடி, மாதவரம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் ஆகிய சட்டமன்றத் தொகுதிகளும் அதிலேயே. ஆனால் அம்பத்தூரும் மதுரவாயலும் திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதி. பெங்களூரு நெடுஞ்சாலையில் மதுரவாயலில் பஸ் ஏறினால் ஒரு தொகுதி, பூந்தமல்லியும் திருமழிசையும் இன்னொரு தொகுதி, திருப்பெரும்புதூரில் இறங்கினால் மறுபடி முதல் தொகுதி. அம்பத்தூரில் சித்தி வீடு இருக்கும் பிள்ளைக்குச் சித்தியின் உறுப்பினர் வேறு, தன் உறுப்பினர் வேறு என்பது அன்றுதான் தெரியும். இவர்கள் தவிர மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 பேர் இருக்கிறார்கள். அவர்களை நம் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களும் நமக்காகக் கேள்வி கேட்கக் கூடியவர்களே என்பதை நாமே பல நேரம் மறந்துவிடுகிறோம்.

அடுத்தது, எந்த விஷயத்தை எங்கே கேட்பது. கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, ஒன்றிய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி என்று எழுதி, ஊர்ப் பிரச்சினைகளைப் பிள்ளைகளையே அடுக்கச் சொன்னேன். சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை ஒன்றிய அரசின் கட்டத்துக்குப் போனது. குத்தம்பாக்கம் பேருந்து முனையம், செம்பரம்பாக்கம் ஏரி இரண்டும் மாநில அரசு. 2020-இல் கொரோனா காலத்தில் கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாக எங்கள் ஊருக்கு வந்ததே, அதுவும் மாநில அரசின் முடிவு. தெருவிளக்கும் கழிவுநீர்க் கால்வாயும் உள்ளாட்சி. பூந்தமல்லி மெட்ரோவில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பணியை நடத்தும் நிறுவனத்தில் இரு அரசுகளுக்கும் பங்கு உண்டு; 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. கடைசியில் இரண்டு கட்டத்துக்கும் நடுவே கோட்டின் மேலேயே எழுதினோம். பள்ளிக்கூடத்தை எங்கே எழுதுவது? 1976-இன் 42-ஆவது திருத்தத்துக்குப் பிறகு கல்வி பொதுப் பட்டியலில் இருப்பதால் அதுவும் கோட்டின் மேலேதான்.

இந்த அடுக்கலைச் செய்யாமல் இணையதளத்தைத் திறந்தால், “எங்கள் தெருக் கால்வாயைப் பற்றி இவர் ஏன் கேட்கவே இல்லை?” என்று பிள்ளைகள் அநியாயமாகக் கோபித்துக்கொள்வார்கள். ஒன்றிய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயத்தைப் பற்றிய கேள்வி மக்களவையில் ஏற்கப்படாது.

நட்சத்திரமும் அதன் பின்னால் இருப்பதும்

நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் உறுப்பினரின் பெயரைத் தேடினால் அவர் கேட்ட கேள்விகள், பங்கெடுத்த விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் ஆகியவற்றைப் பார்க்கலாம். டெல்லியில் 2005-இல் தொடங்கப்பட்ட பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு இதே தகவல்களை வருகைப் பதிவோடு சேர்த்து, மாநில சராசரி, தேசிய சராசரி ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்துத் தருகிறது. இவற்றில் பிள்ளைகளுக்கு மிகவும் பயன்படுவது கேள்விகள்தான். அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மக்களவையில் காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் அது 2014 முதல் நண்பகல் 12 மணிக்குத் தொடங்குகிறது. கேள்விகள் முக்கியமாக இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலின் மேல் துணைக்கேள்வி கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும்; துணைக்கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 எழுத்துக் கேள்விகளும் பட்டியலில் இடம்பெறும். எந்த உறுப்பினரின் கேள்வி இடம்பெறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. குறைந்தது 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கேள்வி சாதாரணமாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு குழு பதில் சொல்லும். பட்டியலில் உள்ள இருபதில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழியாகப் பதில் கிடைப்பது சிலவற்றுக்குத்தான். மீதிக்கும் எழுத்துப் பதிலே வந்துசேரும்.

ஆகவே ஓர் உறுப்பினரின் பக்கத்தில் நட்சத்திரக் கேள்விகள் குறைவாக இருந்தால், அதில் குலுக்கலுக்கும் பங்கு உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு கேள்வியால் என்ன ஆகிவிடும் என்று கேட்கும் மாணவருக்கு நான் முந்த்ரா விவகாரத்தைச் சொல்வேன். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1957 செப்டம்பரில் ராம் சுபக் சிங் என்ற உறுப்பினர், முந்த்ரா என்ற முதலாளியின் கம்பெனிகளில் அந்தக் கழகம் பணம் போட்டதா என்று கேட்டார். வந்த பதில் நேராக இல்லை. பாமர மக்கள் கட்டிய பிரீமியப் பணம் அது. ஆளுங்கட்சி வரிசையிலேயே இருந்த பெரோஸ் காந்தி விடாமல் விவரங்களைத் திரட்டி, டிசம்பர் 16 அன்று அவையில் பேசினார். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது, அதுவும் பொதுமக்கள் முன்னிலையில். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் சென்னையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். பிரதமரின் மருமகனே பிரதமரின் அமைச்சரைக் கேள்வி கேட்டார் என்பதில்தான் பிள்ளைகளின் கவனம் நிற்கும். என் கவனம் அந்த முதல் பதிலில் நிற்கிறது. சுற்றி வளைத்த ஒரு பதிலை ஒருவர் ஒழுங்காகப் படித்ததால்தான் மற்றதெல்லாம் நடந்தது.

அதனால்தான் வகுப்பில் கேள்விகளை எண்ணச் சொல்வதைவிட ஒரு கேள்வியையும் அதன் பதிலையும் முழுமையாகப் படிக்கச் சொல்கிறேன். கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று பகுதி பகுதியாக இருக்கும். பதிலில் பல நேரம் “(அ) முதல் (ஈ) வரை” என்று எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே பத்தி வரும். எந்தப் பகுதிக்கு உண்மையில் பதில் வந்தது, எது நழுவியது என்று பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். விடைத்தாளில் கேட்டதற்குப் பதில் எழுதாமல் தெரிந்ததை எழுதி வைப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதில்லை, பிள்ளைகளுக்குத்தான் வியப்பு. “இது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்” என்று வரும் பதில் ஒரு வகை. “தகவல் திரட்டப்பட்டு வருகிறது” என்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையை உறுதிமொழியாகக் கருதி, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றப்பட்டதா என்று பார்ப்பதற்கு அரசு உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒரு குழுவே இரு அவைகளிலும் இருக்கிறது. பாடநூலில் இல்லாத இந்தச் செய்தியை ஒரு மாணவி தன் குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தாள்.

எண்ணிக்கை காட்டும் மாயம்

பக்கத்தில் எண்கள் இருந்தால் யார் முதல், யார் கடைசி என்று பார்க்கத்தான் மனம் போகும். அங்கேதான் நாம் தடுக்க வேண்டும்.

அமைச்சராக இருப்பவர் கேள்வி கேட்பதில்லை. அவர் பதில் சொல்பவர். வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்திட வேண்டியதும் இல்லை. அவையை நடத்தும் தலைவருக்கும் இது பொருந்தும். எனவே அவர்கள் பக்கத்தில் உள்ள வெற்றிடத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. கையெழுத்துப் போட்டவர் நாள் முழுக்க அவையில் இருந்தார் என்பதற்கும் பதிவேட்டில் சான்று கிடையாது. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நடக்கவில்லை. எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன. துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24 உள்ளன. ஒவ்வொன்றிலும் 31 பேர். மசோதாக்களையும் மானியக் கோரிக்கைகளையும் வரிவரியாகப் பார்ப்பது அங்கேதான். ஆனால் அந்தக் கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதால், அங்கே நன்றாக உழைத்தவரின் உழைப்பு எந்தப் பட்டியலிலும் தெரியாது.

அதிகமாகக் கேள்வி கேட்டவர் நல்ல உறுப்பினர் என்றும் சொல்லிவிட முடியாது. 2005 டிசம்பரில் கேள்வி கேட்பதற்குப் பணம் வாங்கியதாக 11 உறுப்பினர்கள் அவைகளிலிருந்து நீக்கப்பட்டார்கள். மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர். அவர்கள் கேட்ட கேள்விகளும் எண்ணிக்கையில் சேர்ந்தவைதானே!

இந்தச் சிக்கல் பிரிட்டனில் நமக்கு முன்பே வந்துவிட்டது. அங்கே ஒவ்வோர் உறுப்பினரின் பேச்சு, கேள்வி, வாக்கு மூன்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்துத் தரும் ஓர் இணையதளத்தைத் தன்னார்வலர்கள் 2004-இல் தொடங்கினார்கள். ‘அவர்கள் உங்களுக்காக வேலை செய்கிறார்கள்’ என்பது அதன் பெயரின் பொருள். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காகவே சிலர் எழுந்து எழுந்து ஓரிரு சொல் பேசிவிட்டு உட்காருகிறார்கள் என்று 2006-இல் செய்தி வந்தது. தளத்தை நடத்தியவர்கள் உறுப்பினர்களை வரிசைப்படுத்திக் காட்டுவதைக் கைவிட்டார்கள். பொதுத்தேர்வு முடிவில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை 2017-இல் நிறுத்திய மாநிலத்தின் ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வாக்கு ஏன் தெரிவதில்லை

பிரிட்டனின் பட்டியலில் முதன்மையாக இருப்பது வாக்கு. அங்கே மக்கள் சபையில் 650 பேர். வாக்கெடுப்பு என்றால் மணி அடிக்கும். எட்டு நிமிடத்துக்குள் வர வேண்டும். ஆதரிப்போர் ஒரு கூடத்தின் வழியாகவும் எதிர்ப்போர் இன்னொரு கூடத்தின் வழியாகவும் நடந்து செல்வார்கள். யார் எந்தப் பக்கம் நடந்தார் என்பது பெயரோடு பதிவாகும். 1836 முதல் இந்தப் பெயர்ப் பட்டியல் அதிகாரபூர்வமாக வெளியாகிறது. 2003 மார்ச் 18 அன்று இராக் போர் குறித்த வாக்கெடுப்பில் ஆளும் தொழிற்கட்சியின் 139 உறுப்பினர்கள் தங்கள் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினார்கள். அதற்காக யாருடைய உறுப்பினர் பதவியும் போகவில்லை. ஆகவே அங்கே ஒருவரின் வாக்கைப் பார்த்தால் அவருடைய மனம் ஓரளவு தெரியும்.

நம் அவைகளில் பெரும்பாலான முடிவுகள் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடுகின்றன. ஆதரிப்போர் ஆம் என்பார்கள், எதிர்ப்போர் இல்லை என்பார்கள். எந்தக் குரல் ஓங்கியது என்று அவைத்தலைவர் அறிவிப்பார். பெயர்கள் பதிவாவதில்லை. யாராவது அதை ஏற்காமல் டிவிஷன் கேட்டால்தான் மணி அடித்து, கதவை மூடி, பொத்தானை அழுத்தியோ சீட்டில் எழுதியோ வாக்களிப்பார்கள். அப்போது பெயர்கள் அவைக்குறிப்பில் அச்சாகும். அரசமைப்புத் திருத்தம் என்றால் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்பதால் எண்ணியே ஆக வேண்டும். மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 2023 செப்டம்பர் 20 அன்று மக்களவையில் 454 ஆதரவு, 2 எதிர்ப்பு என்று நிறைவேறியது நமக்குத் தெரிவது அப்படித்தான். 1999 ஏப்ரல் 17 அன்று 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் ஓர் அரசு வீழ்ந்ததும் எண்ணியதால் தெரிந்தது. “ஒரு ஓட்டு என்ன செய்துவிடும்?” என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த எண்கள் போதும்.

பெயர் பதிவானாலும் அதில் இன்னொரு முடிச்சு உண்டு. 1985-இல் 52-ஆவது திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சி தாவுவதைத் தடுக்க வந்த சட்டம் அது. கட்சியின் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, கட்சி அதை 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், உறுப்பினர் பதவியே போகலாம். பணத்துக்காகத் தாவுவதைத் தடுக்க இது வேண்டியிருந்தது என்பார்கள். மனசாட்சிப்படி வாக்களிப்பதையும் இது தடுத்துவிட்டது என்பார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பட்டிமன்றத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை. எப்படியானாலும், நம் உறுப்பினரின் வாக்கு பெரும்பாலும் கட்சியின் முடிவைக் காட்டும். அவருடைய சொந்த அக்கறையை அறிய அவர் எழுதிக் கொடுத்த கேள்வியையும் பேசிய பேச்சையும்தான் பார்க்க வேண்டும். கேள்விகளுக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதன் காரணம் இதுவே.

வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு துணுக்கு. 1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் சென்னையில் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கினார். நில வரி வசூலில் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்படுவதை அந்தச் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனுவாக அனுப்பியது. டான்பி சீமோர் என்ற உறுப்பினர் 1853-இல் இங்கே வந்து பார்த்தார். 1854 ஜூலையில் மக்கள் சபையில் விவாதம் நடந்தது. சென்னையில் சித்திரவதை விசாரணை ஆணையம் அமைந்து 1855-இல் அறிக்கை தந்தது. நம் முன்னோருக்கு அந்த அவையில் ஒரு ஓட்டுக்கூடக் கிடையாது. ஆனாலும் அங்கே யார் தமக்காகப் பேசக்கூடும் என்று பார்த்து வைத்திருந்தார்கள்.

பேச்சைப் படிக்கும்போது

பேச்சுகள் அவைக்குறிப்பில் சொல்லுக்குச் சொல் கிடைக்கும். அவைத்தலைவர் நீக்கச் சொன்ன சொற்கள் மட்டும் இருக்காது. தமிழில் பேசப்பட்டது என்றால் மேலே ஒரு நட்சத்திரமிட்டு, இது தமிழில் ஆற்றிய உரையின் மொழிபெயர்ப்பு என்று அடியில் குறிப்பார்கள். பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருப்பது நம் பிள்ளைகளுக்குத் தடைதான். எங்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் அந்தப் பக்கங்களையே வாசிப்புப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். சட்டமன்றப் பதிவுகள் தமிழில் இருப்பதால் அங்கே இந்தத் தடை இல்லை. ஆனால் உறுப்பினர்வாரியாகத் தொகுத்த பக்கம் மக்களவைபோல எளிதில் கிடைப்பதில்லை. பேரவையின் கேள்வி நேரத்தை 2022 முதல் நேரலையில் பார்க்க முடிகிறது.

பழைய பேச்சுகளும் உண்டு. பேரறிஞர் அண்ணா மாநிலங்களவையில் 1962 மே 1 அன்று ஆற்றிய முதல் உரையைப் பாராட்டிப் பேசக் கேட்டிருப்போம். அவைக்குறிப்பில் இடையில் யார் குறுக்கிட்டார், அவர் என்ன சொன்னார் என்பதோடு படிப்பது வேறு அனுபவம். தனிநபர் மசோதாவுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்தது இருக்கிறது. 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை அதை நிறைவேற்றியது. அமைச்சரல்லாத ஓர் உறுப்பினரின் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறி அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு தன் சட்டத்தை 2019-இல் கொண்டுவந்தது. ‘தனிநபர் மசோதாக்கள்: 1’ என்று பட்டியலில் இருக்கும் அந்த ஒன்றுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கலாம்.

வகுப்பறையில் கட்சி நுழையாமல்

தயக்கம் எனக்கும் இருந்தது; உங்களுக்கும் இருக்கும். நாம் அரசு ஊழியர்கள். 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் நமக்கு உண்டு. ஒரு பெற்றோர் வாசலில் நிறுத்தி, “என்ன டீச்சர், ஸ்கூல்ல அரசியல் பேசுறீங்களாமே?” என்று கேட்டார். அவர் மகனின் நோட்டையே வாங்கி நீட்டினேன். அதில் இருந்தது நெடுஞ்சாலை பற்றிய ஒரு கேள்வியும் பதிலும். கேட்டவர் எந்தக் கட்சி என்று அதில் எழுதப்படவே இல்லை. இரண்டு முறை படித்துவிட்டு, “இதெல்லாம் நமக்குப் பார்க்கக் கிடைக்குமா?” என்றார்.

கட்சி எழுதப்படாததற்குக் காரணம் நாங்கள் கையாளும் ஒரு சின்ன முறை. ஒரே பொருளில் நான்கு கேள்விகளை எடுப்போம். ஒன்று நம் உறுப்பினர் கேட்டதாக இருக்கலாம். மற்றவை வேறு கட்சி, வேறு மாநிலம், மாநிலங்களவை என்று கலந்திருக்கும். அச்செடுத்து, பெயரையும் கட்சியையும் கறுப்பு மார்க்கரால் அழித்துவிட்டு வகுப்பில் கொடுப்பேன். எது தெளிவான கேள்வி, எதற்கு நேரான பதில் வந்தது, இன்னும் என்ன கேட்டிருக்கலாம் என்று குழுவாகப் பேசுவார்கள். தேர்தல் நெருங்கும் மாதங்களில் இதைச் செய்வதில்லை. அப்போது பழைய அவைக்குறிப்புகளோடு நிறுத்திக்கொள்கிறோம். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருந்தால் பிள்ளைகளே தேடி எடுக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு தாள் அச்சுப் போதும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு நாடாளுமன்ற இணையதளம் தேவைப்படாது. வகுப்பில் ஒரு கேள்விப் பெட்டி வைக்கலாம். மகிழ் முற்றம் குழுக்கள் இருக்கின்றன. குறிஞ்சி ஒரு வாரம், முல்லை ஒரு வாரம் என்று கேள்வி எழுதிப் போடட்டும். நட்சத்திரம் வரைந்த சீட்டுக்குத் தலைமையாசிரியர் வழிபாட்டுக் கூட்டத்தில் வாயால் பதில் சொல்வார், வரையாததற்கு அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுவார். “கழிப்பறைத் தாழ்ப்பாள் எப்போது வரும்?” என்ற மூன்றாம் வகுப்புக் கேள்விக்கு “பரிசீலனையில் உள்ளது” என்று எழுதி ஒட்டிப் பாருங்கள். அடுத்த வாரம் அதே கேள்வி நட்சத்திரத்தோடு வரும்!

இது பிள்ளைகளுக்கான பயிற்சி மட்டுமில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான 2024-25-ஆம் ஆண்டின் ஒன்றியப் பங்கான 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படாததைப் பற்றி நம் மாநில உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எழுப்பினார்கள். ஆசிரியர் அறையில் நாம் அதைப் பற்றி எவ்வளவு பேசினோம்! அந்தத் திட்டம் பற்றிய கேள்வி பதில்களைத் திறந்து, மாநிலவாரி அட்டவணையில் ஒப்பளிக்கப்பட்ட தொகை எது, விடுவிக்கப்பட்ட தொகை எது என்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? சிறப்புப் பயிற்றுநரின் ஊதியமும் மாற்றுத்திறன் குழந்தையின் உபகரணமும் அந்த இரண்டு நெடுவரிசைகளுக்கு நடுவில் இருக்கின்றன.

இந்த ஆண்டு எங்கள் பத்தாம் வகுப்பு ஒரு படி மேலே போய், தாங்களே ஒரு கேள்வியை உறுப்பினருக்கு எழுதி அனுப்ப விரும்பியது. சாலையைக் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள்தான் பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். அதில் லாரி ஓட்டுநர்கள் மேல் புகார், ஒரு பாட்டி விழுந்த கதை, சிக்னல் எரியாத நாட்கள் எல்லாம் இருந்தன. 150 சொல் வரம்பைச் சொன்னதும் சண்டை போட்டுக்கொண்டே வெட்டினார்கள். பாட்டியை எடுக்கக் கூடாது என்று ஒருத்தி அழாத குறை. நான்கு நாளில் மிஞ்சியது இதுதான். தலைமையாசிரியர் ஒப்புதலோடு வகுப்புத் தலைவர் கையெழுத்திட்டு அனுப்பினார்:

“சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் துறை அமைச்சர் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிப்பாரா: (அ) சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் பூந்தமல்லிக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே கடந்த மூன்று ஆண்டுகளில் சாலையைக் கடக்கும்போது விபத்துக்குள்ளான பாதசாரிகள் எத்தனை பேர், ஆண்டுவாரியாக, (ஆ) அவர்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் எத்தனை பேர், (இ) பள்ளிகள் உள்ள இடங்களில் நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ அமைக்கும் திட்டம் உள்ளதா, (ஈ) உள்ளது எனில் எப்போது முடியும், இல்லை எனில் காரணம் என்ன?”